ஆறாட்டன்று கொடுத்த பம்பு

இன்று காலை ஏழரை மணிக்கு எங்கள் சந்துக்குள் ஆஸ்பத்திரி வாடை வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நாங்கள் இருக்கும் சந்து மிகவும் குறுகலானது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். என் மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "என்னது இது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணக்கு?" என்றாள். எட்டிப் பார்த்தேன். குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்த ஆள் ஒருவர், முதுகில் மஞ்சள் நிறப் பம்பைக் கட்டிக்கொண்டு, மதிலோரத்துக் குப்பைமேனிக்கும் கீழாநெல்லிக்கும் மருந்தடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சங்கத்தின் செயலாளர் பத்தடி தள்ளி நின்றபடி, இரண்டே வாரத்தில் எல்லாம் கருகிவிடும் என்று மலையாளத்தில் எனக்கு உறுதி கொடுத்தார். எனக்குத் தெரியாததா? ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அந்த வாடையோடு எனக்குப் பழைய உறவு. பி.காம். தேர்வில் இரண்டாம் தடவையும் ஒரு தாளில் கவிழ்ந்த பிறகு, அப்பா என்னைச் சாலைக்கடைத் தெருவில் ஒரு திருநெல்வேலிக்காரரின் உரமருந்துக் கடையில் சேர்த்துவிட்டார். ஒரு பக்கம் பெருங்காயக் கடை, மறுபக்கம் கயிற்றுக் கடை. நடுவில் நாங்கள், வேப்பம்புண்ணாக்கு, கந்தகம், எலும்புத்தூள் எல்லாம் கலந்த ஒரு மணத்தோடு. சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். என் தோரணையைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நினைக்க முடியும்.

மருந்து விற்பதோடு பம்பு வாடகைக்கு விடுவதும் அந்தக் கடையின் வியாபாரம். சொந்தமாகப் பம்பு வாங்க வசதியில்லாத சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். மொத்தம் நாலு பம்பு. அதில் இரண்டின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவை வயலில் களைக்கொல்லி அடிக்க மட்டும். துணி கட்டாதவை காய்கறி, வாழை, கொடி வகைகளுக்கு. களைக்கொல்லி என்றால் அப்போது பெரும்பாலும் டூ ஃபோர் டி. அது புல் இனத்தை விட்டுவிட்டு அகன்ற இலைகளை மட்டும் கொல்லும். நெல்லும் புல் இனம்தான், அதனால் பிழைத்துக்கொள்ளும். அகன்ற இலை எதுவானாலும் போயிற்று. ஒரு கரண்டி மருந்து பம்புக்குள் ஒட்டியிருந்தால் போதும், அடுத்து அதில் எதை ஊற்றி அடித்தாலும் இலை சுருண்டுவிடும்.

தப்பித்தவறிச் சிவப்புத் துணிப் பம்பை வேறு வேலைக்குக் கொடுக்க நேர்ந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரைக் குழாய் வரைக்கும் நிரப்பி ஒரு ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டும். காலையில் கொட்டிவிட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு முதலாளி மூடியைத் திறந்து, உள்ளே மூக்கை நுழைத்து மோந்து பார்ப்பார். "ஏழு தண்ணியில கழுவினாலும் பம்பு மறக்காதுல. ராத்திரி முழுக்கச் சோடா கிடக்கணும்" என்பது முதல் நாளே எனக்குக் கிடைத்த உபதேசம். அவர் மூக்கைப் பற்றி அந்தத் தெருவே கேலி பேசும். எனக்கும் அது பெரிய கோமாளித்தனமாகத்தான் பட்டது.

இலை உதிர்வது ஒரு பெரிய விஷயமாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு காரணம் கல்லாறு. பொன்முடி அடிவாரத்துத் தோட்டங்களுக்குச் சரக்கு ஏற்றிய லாரியில் மாதம் ஒருமுறை நானும் போவேன். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் வழியில் கல்லாற்றில் இருந்த தேக்குக் காடு முழுக்க மொட்டையாக நின்றது. இலைகளில் நரம்பு மட்டும் மிச்சம். லாரியை நிறுத்தி இறங்கியபோது தூறல் விழுகிற சத்தம் கேட்டது. மேலே பார்த்தால் வானம் வெளுத்திருக்கிறது. அது மழைச் சத்தம் இல்லை, லட்சக்கணக்கான புழுக்கள் தின்று போடும் எச்சம் சருகில் விழுகிற சத்தம். என் தலையிலும் விழுந்தது. அங்கே டீக்கடை வைத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "புழு தின்னா மரம் சாவாது கேட்டோ. ஒரு மாசம் மதி, திரும்ப வரும்" என்றார். மதி என்றால் மலையாளத்தில் போதும். அடுத்த மாதம் போனபோது காடு பச்சைப் பசேலென்று நின்றது. ரப்பர் மரமும் மாசியில் உதிர்த்துவிட்டுப் பங்குனியில் துளிர்க்கிறது. இலை என்றால் போகும், வரும். இப்படியொரு முடிவுக்கு வந்திருந்தேன்.

இசக்கி அண்ணாச்சி என்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவர். வெள்ளாயணிக் காயல் பக்கம் ஒரு மலையாளியின் நிலத்தில் முப்பது சென்ட் குத்தகைக்கு எடுத்து வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தார். இங்கே வெற்றிலைக்குக் கமுகையும் மூங்கிலையும் ஊன்றுவார்கள். அவர் தம் ஊர் முறைப்படி அகத்தியை வளர்த்து, அதில் கொடியை ஏற்றியிருந்தார். அகத்தி கொடிக்குக் கொம்பாகவும் இருக்கும், குடையாகவும் இருக்கும். கொடிகூட அவர் ஊரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்தது. சின்ன இலை, கடித்தால் நாக்கு சுள்ளென்று பொரியும். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைத் தேடி வருவார்கள். காயல் கரையில் நாலைந்து வீட்டார் கேட்டபோது நடுவதற்கு ஆளுக்கொரு கணு கிள்ளிக் கொடுத்திருந்தார். அந்த முப்பது சென்ட்தான் அவருக்கும் அவர் மனைவி பேச்சியக்காளுக்கும் சோறு. வேறு எதுவும் கிடையாது.

ஒருமுறை அங்கே போயிருந்தேன். வேலி ஓரத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் போவதில்லை, அது கோயில் மாதிரி. உள்ளே நுழைந்தால் பகலிலும் பச்சை வெளிச்சம்தான். பேச்சியக்கா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்து, சுண்ணாம்பு வேண்டாம் தம்பி, சும்மா தின்னுங்க என்றார். தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி ஆறாட்டு. பத்மநாபசுவாமியைச் சங்குமுகம் கடலுக்கு நீராட எழுந்தருளச் செய்கிற நாள். மத்தியானத்தோடு ஊரே கடையடைக்கும். எனக்குச் சாமியைவிட முக்கியமான காரியம் ஒன்று இருந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு முன் மெஷினில் உட்காரும் பெண், மேற்குக்கோட்டை வாசல் பக்கம் நின்று ஊர்வலம் பார்ப்பேன் என்று தன் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. என்னிடம் சொன்னதல்ல, என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்காகப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக் கடையிலேயே கொண்டுவந்து மாட்டி வைத்திருந்தேன். முதலாளி முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டார்.

கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் இசக்கி அண்ணாச்சி வந்தார். ஒரு வாரமாகப் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. வெற்றிலையில் அழுகல் விழத் தொடங்கியிருக்கிறது, இலை கிள்ளி முடித்தாயிற்று, நாளைக் காலையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்காவிட்டால் அழுகல் கொடிக்கால் முழுக்கப் பரவிவிடும் என்றார். துணி கட்டாத பம்பு இரண்டும் வெளியே போயிருந்தன. முந்தின நாள் வயலிலிருந்து திரும்பி வந்த சிவப்புத் துணிப் பம்பு ஒன்றுதான் இருந்தது. நாளைக் காலையில் வாருங்கள், சோடா போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வருத்தப்படுவார், கெஞ்சுவார், முதலாளி வீட்டுக்குப் போகலாம் என்பார், அதற்குள் ஊர்வலம் போய்விடும். பம்பைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். குழாயடியில் வைத்து இரண்டு தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினேன். கழுத்தில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாதி கழுவினதைக்கூட அவசரம் என்று சொல்லிவிடலாம். துணியை அவிழ்த்ததற்கு என்ன பெயர்?

முன்னால் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நல்லாக் கழுவியாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"கழுவியாச்சு அண்ணாச்சி" என்றேன்.

அந்தப் பெண் மேற்குக்கோட்டையில் தன் அம்மாவோடும், மீசை வைத்த ஒரு அத்தானோடும் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அண்ணாச்சி ஒரு வாழையிலைச் சருகைப் பிரித்துக் கடை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு அகத்திக் கொழுந்தும் நாலு வெற்றிலையும். கொழுந்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. வெற்றிலைகள் காம்பு வளைந்து கிண்ணமாகக் குழிந்திருந்தன. முதலில் அகத்திதான் சுருண்டது, இப்போது பழுத்துக் கொட்டுகிறது, நிழல் போய்விட்டதால் மிச்சம் இருக்கிற கொடியையும் வெயில் பொசுக்குகிறது, இப்படி ஒரு நோயை ஊரில்கூடப் பார்த்ததில்லை என்றார். முதலாளி இலையை எடுத்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ வைரஸ் மாதிரி இருக்கிறது, இதைப் போட்டுப் பாரும் என்று ஒரு சத்துப்பொடிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பெரிய உபகாரம் என்றார்.

அவர் போன பிறகு முதலாளி எந்தப் பம்பு என்று கேட்டார். காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பம்பின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இனி மாத்து மருந்து கிடையாதுல. இலை குடிச்சது குடிச்சதுதான். வெளிய தெரிஞ்சா கடையும் போவும். வாயத் திறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை. கடையைக் காப்பாற்றுவதற்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாயணிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் மதி, திரும்ப வரும் என்ற டீக்கடைக்காரரின் பேச்சு மனதில் இருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு துளிர் கண்டிருக்கும் என்று ஒரு ஆசை. அகத்திகள் எல்லாம் வெறும் குச்சியாக நின்றன. கொடிகள் கறுத்துத் தொங்கின. முன்பு பச்சையாக இருந்த இடத்தில் இப்போது கண்கூசும் வெயில் அடித்தது. வேலி ஓரத்தில் போன தடவை நினைப்பில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். பேச்சியக்கா உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "செருப்பு போட்டுக்கிட்டே வாங்க தம்பி. இனி என்ன" என்றார்.

நான் உள்ளே போகவில்லை. வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒதுக்குப்புற வரிசையில் கொஞ்சம் பிழைத்ததுபோல் தெரிந்த கொடிகளை வெட்டிப் பதியம் போட்டுப் பார்த்தார் அண்ணாச்சி. அவை துளிர்த்தபோதே இலை கோணிக்கொண்டு வந்தது. பிறகு அவையும் அழுகின. தை மாதம் நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பி வாங்கி மரச்சீனிக் கிழங்கு போட்டார்.

சாலைக்கடைத் தெருவில் அப்போது பொட்டலம் மடிக்க ஆங்கிலப் பத்திரிகைகளை எடைக்கு வாங்குவார்கள். வழவழப்பான தாளில் விதை ஒட்டாது என்பதால் எங்கள் கடைக்கு வெளிநாட்டுப் படப் பத்திரிகைகளாகத் தேடி வரும். அந்தத் தையில் ஒருநாள் கத்தரி விதை மடிக்க ஒரு தாளைக் கிழித்தபோது, விமானங்கள் வரிசையாகப் பறந்து காட்டின்மேல் வெள்ளையாக எதையோ பொழிகிற படம் இருந்தது. அடுத்த பக்கத்தில் ஆற்று முகத்துவாரத்து அலையாத்திக் காடு, ஒரு இலை இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குச்சியாக நின்றது. வியட்நாம் சண்டை. எதிரிகள் மரத்தடியில் ஒளிகிறார்கள் என்று மரத்தின் இலையையே உதிர்த்திருக்கிறார்கள். அவர்கள் உண்ணுகிற பயிரின் இலையையும். என் அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மருந்துப் பீப்பாய்களுக்கு ஆரஞ்சுப் பட்டை போட்டு அடையாளம் வைத்திருந்தார்களாம். அதில் இரண்டு மருந்து கலந்திருந்தது. இரண்டில் ஒன்றின் பெயர் எனக்குப் பின்னால் அலமாரித் தகர டப்பாவில் இருந்த பெயர்.

மனிதர்களைத் தலைமுறை தாண்டித் தாக்கிய கொடிய நஞ்சு அதில் மற்ற மருந்தோடு கலந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் தகரத்தில் இருந்தது அது இல்லை. இதைச் சொல்லி என்னை நானே எத்தனையோ தடவை தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்திரிகையில் இன்னொரு படமும் இருந்தது. ஒரு தாய், மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் கைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பேச்சியக்காளுக்குப் பெண் பிறந்தபோது தைக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். துணியை விலக்கி விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. கால் விரல்களையும் எண்ணினேன். என்ன தம்பி, பிள்ளையைச் சரக்கு மாதிரி சரிபார்க்கீங்களே என்று பேச்சியக்கா சிரித்தார்.

அதற்குள் அண்ணாச்சி சாலைக்கடைத் தெருவிலேயே மூட்டை தூக்க வந்துவிட்டிருந்தார். கொடியை ஈரச்சாக்கில் சுமந்த தலையில் அரிசி மூட்டை. தினமும் எங்கள் கடை வழியாகத்தான் போவார். நின்று, சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மூட்டை சுமக்கிறவரை நிறுத்திவைத்து எப்படிச் சொல்வது என்று ஒரு நாள், யாரோ கூட இருக்கிறார்கள் என்று ஒரு நாள். சாக்குகளுக்கா பஞ்சம்? பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது, செக்ரடேரியட்டில் கோப்புகளுக்கு நடுவே முப்பது வருஷம் போயிற்று. அங்கே போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

போன வருஷம்தான் சொன்னேன். பேச்சியக்கா காலமாகிவிட்டார். அண்ணாச்சி கரமனையில் மகளோடு இருக்கிறார். கழுத்து எலும்பு தேய்ந்து தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பம்பு, துணி, ஊர்வலம், அந்தப் பெண் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். அவர் சாய்ந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும் தம்பி" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"காலையில மூடியத் தொறந்ததுமே மணந்துச்சு. எனக்கும் மூக்கு இருக்குல்லா. ஆனா நீ கழுவியாச்சுன்னு சொன்னியே. நம்ம மூக்குதான் தப்பாச் சொல்லுதோன்னு நினைச்சுக்கிட்டேன்."

இத்தனை வருஷமாக ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கேட்டால் கொடி வந்துவிடுமா என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். திட்டாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு உதவி கேட்டார். காயல் கரையில் நாலைந்து பேருக்கு அந்தக் கொடியில் கணு கொடுத்திருந்தாரே, எங்காவது ஒரு வேலியில் அது ஏறிக் கிடக்கும், ஒரு கணு கிடைத்தால் போதும், மாடியில் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். வாயில் பல் இல்லை. இடித்துத் தின்பேன் என்றார்.

தேடப் போனேன். அவர் சொன்ன ஐந்து வீட்டில் ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. இரண்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தத்துக்குள் போய்விட்டன. நாலாவது வீட்டில் பேரன் ட்ராகன் ஃப்ரூட் போட்டிருக்கிறான், வெற்றிலை என்றால் கடையில் கிடைக்குமே அங்கிள் என்றான். ஐந்தாவது வீடு பூட்டிக் கிடந்தது. வேலி ஏறி எட்டிப் பார்த்தேன், என் வயதில் செய்யக்கூடாத காரியம். மிளகுக் கொடிதான் இருந்தது. பஸ் பிடித்து அவருடைய ஊருக்கும் போனேன். கொடிக்கால் இருந்த இடமெல்லாம் வாழை. இரண்டு பேர் வெற்றிலை போடுகிறார்கள், அது எங்கிருந்தோ வாங்கி வந்த பெரிய இலைக் கொடி. பழைய கொடி நோய் விழுந்து போய்ப் பல வருஷமாகிறது, இங்கேயே இல்லை, திருவனந்தபுரம் பக்கம் எங்கள் ஆள் ஒருத்தர் கொண்டுபோனார், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பெரியவர் எனக்கு வழி சொன்னார்.

போன வாரம் கரமனைக்குப் போயிருந்தேன். படி ஏறும் சத்தம் கேட்டதுமே அண்ணாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாடியில் மகளிடம் சொல்லித் தொட்டியில் மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்.

"கிடைச்சுதா தம்பி?"

"தேடிக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அதையும் நம்பினார்.